மூன்று ஆண்டு ஞாயிறுகள்

பணி ஓய்வு பெற்ற பின்னர் ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல்கள் எனக்கு மிக நீண்டவையாகிவிட்டன. காலைத் திருப்பலி முடிந்து, மதிய உணவும் முடிந்து, வீட்டார் கண்ணயரும் வேளையில் என்ன செய்வதென்று தெரியாமல் அமர்ந்திருப்பேன். அவ்வாறான ஒரு ஞாயிறன்று கட்டம் போட்ட கணக்கு நோட்டு ஒன்றையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு திண்ணையில் அமர்ந்து, ஒரு பெருக்கல் கணக்கைப் போடத் தொடங்கினேன். ஒரே ஒரு பெருக்கல்தான். அதை முடிக்க எனக்கு நான்கு ஞாயிறுகள் ஆயின. "முப்பது வருஷமா பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கொடுத்தீங்க, இப்போ உங்களுக்கு யார் கொடுத்தது?" என்று என் மனைவி கேட்டார். அன்று சிரித்து மழுப்பினேன். உண்மையில் அந்த வீட்டுப்பாடத்தைக் கொடுத்தவன் என் பழைய மாணவன் ஒருவன். அவனைப் பற்றிச் சொல்லுமுன் அந்த எண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவ்வெண் இதுதான்: 14,75,73,95,25,89,67,64,12,927. இருபத்தோர் இலக்கங்கள் கொண்டது. ஏறத்தாழப் பதினான்கே முக்கால் லட்சம் கோடி கோடி என்று வேண்டுமானால் வாயால் சொல்லலாம். மனத்தால் பிடிக்க இயலாது. ஆயினும் அதன் பிறப்பு மிக எளியது. சதுரங்கப் பலகையின் முதற் கட்டத்தில் ஒரு நெல்மணி, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போன அறிஞனின் கதையை நாம் அனைவரும் சிறு வயதில் கேட்டிருக்கிறோம். பலகையின் அறுபத்து நான்கு கட்டங்களும் நிரம்பும்போது 1,84,46,74,40,73,70,95,51,615 மணிகள் சேரும். அப்பலகைக்கு இன்னும் மூன்றே கட்டங்கள் கூடுதலாக இருந்திருந்தால் சேரும் மணிகளின் தொகையே நான் சொன்ன எண். வேறு விதமாகச் சொன்னால், இரண்டை அறுபத்தேழு முறை எழுதிப் பெருக்கி, வந்த விடையிலிருந்து ஒன்றைக் கழித்தால் அது கிடைக்கும்.

இவ்வளவு எளிதாகப் பிறந்த எண்ணிடம் கணித அறிஞர்கள் கேட்ட கேள்வியும் எளியதே. நீ பகா எண்ணா, பகு எண்ணா? ஒன்றாலும் தன்னாலும் அன்றி வேறு எதனாலும் மீதியின்றி வகுபடாதது பகா எண் என்பதைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். 7 பகா எண். 15 பகு எண், ஏனெனில் அது மூன்றும் ஐந்தும் பெருகியது. 7-க்கும் 15-க்கும் விடை சொல்ல ஒரு நொடி போதும். இந்த இருபத்தோர் இலக்க எண்ணுக்கு விடை சொல்ல மனித குலத்துக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் தேவைப்பட்டது. அதற்கிடையில் அதைப் பற்றிய தவறான விடை ஒன்று அச்சிலேறி நின்றது. அதை அச்சிட்டவர் ஒரு துறவி.

மாரின் மெர்சென் 1588-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் பிறந்தார். இயேசு சபையாரின் லா பிளேஷ் கல்லூரியில் பயின்று, பவோலா நகர்ப் புனித பிரான்சிஸ் நிறுவிய மினிம் சபையில் சேர்ந்தார். மினிம் என்றால் 'மிகச் சிறியோர்' என்று பொருள். ஆண்டு முழுவதும் தவக்கால உணவு ஒழுக்கத்தைக் கடைப்பிடிப்பதாக வாக்குறுதி கொடுப்பவர்கள் அச்சபையினர். பாரிசில் இருந்த அவரது மடத்து அறை அக்கால ஐரோப்பிய அறிவுலகின் அஞ்சல் நிலையமாக விளங்கியது. தெக்கார்த், ஃபெர்மா, பாஸ்கல் ஆகியோர் கண்டவற்றையெல்லாம் அவருக்கு எழுதினார்கள். அவர் ஒருவர் எழுதியதை மற்றவருக்கு அறிவித்தார். கலிலியோ 1633-இல் தண்டிக்கப்பட்ட மறு ஆண்டே, அவருடைய இயந்திரவியல் நூலைப் பிரெஞ்சு மொழியில் வெளியிட்டவரும் இந்தத் துறவிதான். பிறர் அறிவைப் பொறாமையின்றிப் பகிர்ந்தளித்த பெருமகன் அவர். அவருடைய தவறைச் சொல்லும்போது இதையும் சொல்லாமல் விடுவது நியாயமன்று.

இரண்டின் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்தால் வரும் எண்களின்மீது அவருக்கு ஏன் ஆர்வம்? அதற்குப் பழைய காரணம் ஒன்று உண்டு. தன்னைத் தவிர்த்த தன் காரணிகளைக் கூட்டினால் தானே வரும் எண்ணை முன்னோர் நிறைவெண் என்றனர். 6 அத்தகையது, 1, 2, 3 ஆகியவற்றின் கூட்டுத்தொகை 6. அடுத்தது 28, பின்னர் 496, பின்னர் 8128. ஆறு நாளில் இறைவன் உலகைப் படைத்ததால் ஆறு நிறைவானது ஆகவில்லை, ஆறு நிறைவான எண் என்பதாலேயே ஆறு நாளில் படைத்தார் என்று புனித அகுஸ்தினார் சிந்தித்தார். இரண்டின் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்து வருவது பகா எண்ணாக இருந்தால், அதிலிருந்து ஒரு நிறைவெண் பிறக்கும் என்று யூக்ளிட் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே நிறுவியிருந்தார். ஆகவே, அத்தகைய பகா எண்களைத் தேடியவர்கள் உண்மையில் நிறைவைத் தேடினார்கள்.

1644-இல் வெளியிட்ட தம் நூலில் மெர்சென் ஒரு பட்டியல் தந்தார். இரண்டை 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகிய அடுக்குகளுக்கு உயர்த்தி ஒன்றைக் கழித்தால் பகா எண் வரும். 257 வரையில் வேறு எந்த அடுக்குக்கும் வராது என்றார். பட்டியலில் ஒன்பதாவதாக நிற்கும் 67-ஐப் பாருங்கள். நம் எண் அதுதான்.

அவர் இதை எவ்வாறு அறிந்தார்? சோதித்து அறிந்திருக்க முடியாது. ஓர் எண் பகா எண் என்று உறுதிசெய்ய, அதன் வர்க்கமூலம் வரையுள்ள எண்களால் வகுத்துப் பார்ப்பதே நேர்வழி. நம் எண்ணின் வர்க்கமூலம் ஏறத்தாழ 1,214 கோடி. உண்ணாமல் உறங்காமல் நொடிக்கு ஓர் எண்ணாக வகுத்தாலும் 385 ஆண்டுகள் ஆகும். பதினைந்து, இருபது இலக்க எண் ஒன்று பகா எண்ணா என்று ஆராயக் காலம் முழுவதும் போதாது என்ற கருத்தை மெர்சென்னே எழுதியிருக்கிறார். பட்டியல் வெளிவந்தபின் அவர் வாழ்ந்தது நான்கு ஆண்டுகள். 61 என்பதுதான் 67 என்று அச்சுப்பிழையாகிவிட்டதோ என்று அவருக்காகப் பரிந்து கூறியவர்களும் உண்டு. எப்படியாயினும், அச்சிலேறிய சொல்லுக்கு ஒரு கனம் வந்துவிடுகிறது. நல்லவர் ஒருவர் சொன்னதாயின் அக்கனம் இரட்டிக்கிறது. அதை ஐயுறுவோர் குறைவு. ஐயுற்றாலும் சோதிக்கும் பொறுமை உடையோர் அதனினும் குறைவு.

இருநூற்று முப்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 1876-இல், எதுவார் லூக்காஸ் என்னும் பிரெஞ்சுக்காரர் புதிய வழியொன்றைக் கண்டார். பின்னாளில் லேமர் என்னும் அமெரிக்கர் எளிமைப்படுத்திய வடிவில் அதை எந்தப் பள்ளி மாணவனும் செய்து பார்க்கலாம். 4 என்ற எண்ணில் தொடங்குங்கள். அதன் வர்க்கத்திலிருந்து 2-ஐக் கழியுங்கள். வந்ததை ஆராயும் எண்ணால் வகுத்து, மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அம்மீதியின் வர்க்கத்திலிருந்து மீண்டும் 2-ஐக் கழியுங்கள். அடுக்கைவிட இரண்டு குறைவான தடவைகள் இவ்வாறு செய்தபின் மீதி பூச்சியமானால் அது பகா எண். இல்லையேல் பகு எண். ஏழாம் அடுக்கில் வரும் 127-ஐ எடுத்துக்கொண்டால் 4-க்குப் பின் 14, 67, 42, 111, இறுதியில் 0 என்று ஐந்தே தடவைகளில் முடிந்துவிடும். ஆகவே 127 பகா எண்.

இவ்வழியில் நின்று லூக்காஸ், முப்பத்தொன்பது இலக்கங்கள் கொண்ட 127-ஆம் அடுக்கின் எண் பகா எண்ணே என்று காட்டினார். அங்கே மெர்சென் வென்றார். ஆனால் 67-ஆம் அடுக்கின் எண் சோதனையில் தோற்றது. அது பகு எண். எனினும் இதில் ஒரு விந்தை உண்டு. லூக்காசின் சோதனை, 'இவ்வெண் உடையும்' என்று மட்டுமே சொல்லும்; எங்கே உடையும், எந்த எண்கள் பெருகி இது வந்தது என்று சொல்லாது. குற்றம் உண்டு என்று தீர்ப்பு வந்துவிட்டது. குற்றம் எதுவென்று எவருக்கும் தெரியவில்லை. இருபத்தேழு ஆண்டுகள் அந்நிலையே நீடித்தது.

இனி நியூயார்க்கு நகரத்துக்கு வருவோம். 1903 அக்டோபர் 31, சனிக்கிழமை. அமெரிக்கக் கணிதக் கழகத்தின் கூட்டத்தில் பெரிய எண்களைக் காரணிப்படுத்துதல் பற்றிக் கட்டுரை வாசிக்கக் கொலம்பியப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஃபிராங்க் நெல்சன் கோல் எழுந்தார். அக்கழகத்தின் செயலாளரும் அவரே. நடந்ததை எரிக் டெம்பிள் பெல் தம் நூலில் கூறுகிறார். கோல் ஒரு சொல்லும் பேசாமல் கரும்பலகையை நோக்கி நடந்தார். சுண்ணக்கட்டியை எடுத்து இரண்டின் அறுபத்தேழாம் அடுக்கைக் கணக்கிட்டு, கவனமாக ஒன்றைக் கழித்தார். பின்னர்ப் பலகையின் வெற்றிடத்துக்கு நகர்ந்து இரண்டு எண்களை எழுதினார்:

19,37,07,721
7,61,83,82,57,287

அவற்றை நாம் பள்ளியில் பெருக்குவது போலவே வரிவரியாகப் பெருக்கினார். இரு விடைகளும் ஒன்றாயின. சுண்ணக்கட்டியை வைத்துவிட்டுத் தம் இருக்கைக்குத் திரும்பினார். அவையோர் கைதட்டினார்கள். எவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்க என்ன இருந்தது? பின்னர் 1911-இல், இதைக் கண்டுபிடிக்க எவ்வளவு காலம் ஆயிற்று என்று பெல் வினவியபோது, 'மூன்று ஆண்டு ஞாயிறுகள்' என்று கோல் விடையளித்தாராம்.

பெல் கதையைச் சற்றுச் சுவைபடச் சொல்லும் பழக்கம் உடையவர் என்பார்கள். அவையின் அமைதி அவர் சொன்ன அளவுக்கு ஆழ்ந்ததாக இல்லாமல் போயிருக்கலாம். ஆனால் அக்கதையின் நடுவே நிற்கும் பெருக்கலை எவரும் போட்டுப் பார்க்கலாம். அதற்குச் சாட்சி தேவையில்லை.

கோல் குருட்டுத்தனமாகத் தேடவில்லை. 1640-இல் ஃபெர்மா மெர்சென்னுக்கே எழுதிய கடிதமொன்றில் ஒரு விதி உண்டு. இந்த எண்ணுக்குப் பகாக் காரணி ஒன்று இருக்குமாயின், அது 134-இன் ஏதேனும் ஒரு மடங்கோடு ஒன்று கூட்டியதாகத்தான் இருக்கும் என்பது அவ்விதியால் தெரியும். 134 என்பது 67-இன் இரட்டிப்பு. 19,37,07,721-இல் ஒன்று போக, 134-ஆல் வகுத்துப் பாருங்கள். ஈவு 14,45,580, மீதி இல்லை. அதாவது விதி தெரிந்தவருக்கும் அந்தக் காரணி அவ்வரிசையில் பதினான்கு லட்சத்து நாற்பத்தைந்தாயிரத்து ஐந்நூற்று எண்பதாவது இடத்தில் ஒளிந்திருந்தது. அத்தனை எண்களையும் ஒவ்வொன்றாக வகுக்காமல், இருபடி மீதிகளைக் கொண்டு பெரும்பகுதியைச் சலித்துத் தள்ளினார் கோல். சலித்த பின்னும் எஞ்சிய உழைப்புக்கே மூன்று ஆண்டு ஞாயிறுகள். இன்று ஒரு கணினி இதைக் கண்ணிமைக்கும் நேரத்தில் செய்துவிடும். அதனால் கோலின் உழைப்பு சிறியதாகிவிடவில்லை.

இப்போது என் திண்ணைக்குத் திரும்புகிறேன். நூலகத்திலிருந்து எடுத்து வந்த புத்தகமொன்றில் இக்கதையைப் படித்தபின்தான், கோல் பலகையில் போட்ட பெருக்கலை என் கையாலேயே போட்டுப் பார்க்க வேண்டும் என்ற ஆசை பிறந்தது. சிறிய எண்ணைக் கீழே எழுதினால் ஒன்பது வரிகள். அவற்றுள் ஏழால் பெருக்கும் வரி மூன்று முறை வரும்; ஒன்றால் பெருக்கும் வரி இரண்டு முறை வரும்; ஒரு வரி வெறும் பூச்சியம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணக்கு கற்பித்தவனுக்கு இது எம்மாத்திரம் என்று எண்ணினேன்.

முதல் ஞாயிறு விடை வரவில்லை. நம் முன்னோர் அறிந்திருந்த ஒன்பதைத் தள்ளிப் பார்க்கும் முறையில் சோதித்தேன். முதல் எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் 37. மீண்டும் கூட்டிச் சுருக்கினால் 1. இரண்டாம் எண்ணுக்கு 64. சுருக்கினால் அதுவும் 1. ஆகவே பெருக்கற்பலனும் 1 என்றே சுருங்க வேண்டும். என் விடை அவ்வாறு சுருங்கவில்லை. தவறு உண்டு என்று தெரிந்துவிட்டது. எந்த வரியில், எந்த இலக்கத்தில் என்று தெரியவில்லை. இருநூற்றுக்கும் மேற்பட்ட கட்டங்களில் எங்கோ ஓரிடத்தில் என் பிழை பதுங்கியிருந்தது. லூக்காசின் நிலை எனக்கு அன்று விளங்கிற்று.

இரண்டாம் ஞாயிறு, ஒன்பதால் பெருக்கிய வரியில் மிச்சம் கொண்டுபோக மறந்த ஓரிடத்தைக் கண்டேன். திருத்தினேன். இப்போது ஒன்பதின் சோதனை ஒத்துவந்தது; ஆனால் விடை இன்னும் கோலின் விடையன்று! மூன்றாம் ஞாயிறு முழுவதும் தேடியும் அகப்படவில்லை. நான்காம் ஞாயிறுதான் கண்டேன். பூச்சிய வரிக்கு இடம் விடாமல், அதற்கடுத்த வரியை ஓரிடம் தள்ளி எழுதியிருந்தேன். இலக்கங்கள் அனைத்தும் சரி. நின்ற இடம் தவறு. இலக்கங்களை மட்டும் கூட்டிப் பார்க்கும் சோதனைக்கு அத்தகைய பிழை அகப்படாது. ஒன்றுமில்லாததற்கும் உரிய இடத்தை விட வேண்டும் என்று எத்தனை பிள்ளைகளைக் கடிந்துகொண்டவன் நான்! வரியை அழித்துச் சரியான இடத்தில் எழுதிக் கூட்டியபோது, 927 என்ற கடைசி இலக்கங்களிலிருந்து 14 என்ற முதலிலக்கங்கள் வரை ஒவ்வொன்றாக வந்து நின்றன.

மகிழ்ச்சி வந்தது. அதன் பின்னாலேயே அவனுடைய முகமும் வந்தது.

1979-ஆம் ஆண்டு. நான் பணியில் சேர்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. எட்டாம் வகுப்புக்குப் பகா எண்கள் நடத்திக்கொண்டிருந்தேன். பாடத்தில் இல்லாத ஒன்றைச் சொல்லி மாணவர்களை வியக்க வைக்க வேண்டும் என்ற இளமை ஆசை. இரண்டை 2, 3, 5, 7 ஆகிய அடுக்குகளுக்கு உயர்த்தி ஒன்றைக் கழித்து, 3, 7, 31, 127 என்று பலகையில் எழுதினேன். "பார்த்தீர்களா, எல்லாம் பகா எண்கள்! பகா எண்ணை அடுக்காக வைத்தால் எப்போதும் பகா எண்தான் வரும்" என்றேன். எங்கும் படித்ததன்று, நான்கு எண்களைக் கண்டு நானே கட்டிய விதி. பழங்காலத்தில் பலர் அவ்வாறே நம்பினர் என்பதும், 1536-இலேயே ஹுதல்ரிகஸ் ரேஜியுஸ் என்பவர் அந்நம்பிக்கையை உடைத்துவிட்டார் என்பதும் அன்று எனக்குத் தெரியாது.

மறுநாள் ஒரு மாணவன் எழுந்தான். மெலிந்த உடல், மெல்லிய குரல். "சார், பதினொண்ணுக்கு வரலை சார். 2047 வருது. அதை 23 வகுக்குது" என்றான். கையில் கிழிந்த நோட்டுத் தாள் ஒன்று இருந்தது. அதை நான் வாங்கிப் பார்க்கவில்லை. "வகுத்தலை ஒழுங்காகப் போட்டுப் பார். அதற்குள் பெரிய கணித மேதை ஆகிவிட்டாயோ?" என்றேன். வகுப்பு சிரித்தது. அவன் அமர்ந்தான்.

அன்றிரவு வீட்டில் போட்டுப் பார்த்தேன். 23-ஐ 89-ஆல் பெருக்கினால் 2047. ஐயமே இல்லை.

தவறு எல்லாருக்கும் நேரும். மெர்சென்னுக்கும் நேர்ந்தது, அவர் பட்டியலில் 67-உம் 257-உம் தவறாகச் சேர்ந்தன, 61-உம் 89-உம் 107-உம் தவறாக விடுபட்டன. 61-ஆம் அடுக்கின் எண் பகா எண் என்று 1883-இல் நிறுவியவரும் ஒரு குருவே. இவான் பெர்வூஷின் என்னும் ருசிய மரபுவழித் திருச்சபைக் குரு. பட்டியல் முழுவதும் திருத்தப்பட்டு முடிந்தது 1947-இல். இத்தனை பிழைகளுக்குப் பின்னும் அவ்வகைப் பகா எண்களை உலகம் மெர்சென் பகா எண்கள் என்றே அழைக்கிறது. 2024 அக்டோபரில் கண்டறியப்பட்ட, நான்கு கோடியே பத்து லட்சத்துக்கு மேற்பட்ட இலக்கங்கள் கொண்ட பகா எண்ணும் அவர் பெயரையே தாங்குகிறது. தவறு செய்ததற்காக எவரும் அவரைத் தள்ளிவிடவில்லை.

ஆனால் என் செயல் அவருடையதைப் போன்றதன்று. அவர் தம் பிழையை அறியாமல் இறந்தார். நான் அன்றிரவே அறிந்தேன். அறிந்தும், மறுநாள் வகுப்பில் தனிவட்டிப் பாடத்தைத் தொடங்கினேன். நாற்பது பேர் முன்னிலையில் தவறைச் சொன்ன நான், திருத்தத்தை என் வீட்டு நோட்டில் மட்டும் வைத்துக்கொண்டேன். அந்த மாணவன் அதன் பிறகு வகுப்பில் கேள்வி கேட்டதாக எனக்கு நினைவில்லை. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டான் என்று பின்னர் அறிந்தேன். அதற்கு வீட்டு வறுமை முதலிய ஆயிரம் காரணங்கள் இருந்திருக்கலாம். அவற்றுள் என் பங்கு எவ்வளவு என்று காட்டும் சோதனை எதுவும் என்னிடம் இல்லை.

இவ்வளவு ஆண்டுகளும் என் நிலை லூக்காசின் சோதனையைப் போன்றதாகவே இருந்தது என்று இப்போது எண்ணுகிறேன். 'நான் குறையுள்ளவன், பாவி' என்று பொதுப்படச் சொல்ல எனக்குக் கடினமாக இருந்ததில்லை. கோயிலில் மார்பில் தட்டிக்கொண்டு எல்லாரோடும் சேர்ந்து சொல்கிறோம். அது உண்மையும்கூட. ஆனால் எந்த நாளில், எவன் முன்னிலையில், எந்தச் சொல்லில் என்று காரணி காரணியாகப் பிரித்துக் காண்பது வேறு உழைப்பு. அதற்கு ஞாயிறுகள் தேவைப்படுகின்றன. அதை அடுத்து மூன்றாவதாக ஒரு படி உண்டு. கண்டதை எல்லார் கண்ணும் காணப் பலகையில் எழுதுவது. கோல் அதையும் செய்தார். அவர் திருத்தியது பிறருடைய தவறு; ஆயினும் இகழ்ந்து ஒரு சொல் பேசவில்லை, தம் உழைப்பைப் புகழ்ந்தும் பேசவில்லை. பெருக்கினார், அமர்ந்தார். பின்னாளில் பணி ஓய்வின்போது அவருக்கு அன்பளிப்பாகத் தந்த பணத்தையும் கழகத்துக்கே கொடுத்துவிட்டார். அதிலிருந்து தொடங்கியதுதான் அவர் பெயரால் இன்றும் வழங்கப்படும் கோல் பரிசு.

நான்காம் ஞாயிறு கழிந்த வாரத்தில் பக்கத்து ஊருக்குப் பேருந்து ஏறினேன். அவன் அங்கே இரும்புக்கடை வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். இப்போது அவரும் அறுபதை நெருங்குபவர், தலை நரைத்திருந்தது. என்னை அடையாளம் கண்டு, "வாங்க சார், உட்காருங்க" என்று தம் நாற்காலியைத் தந்தார். என்ன சொல்லித் தொடங்குவதென்று பேருந்தில் வரும்போது பலவாறு எண்ணி வைத்திருந்தேன். ஒன்றும் வாயில் வரவில்லை. மேசைமீதிருந்த பில் புத்தகத்தின் அட்டையில் 23 × 89 என்று எழுதி அவர் பக்கம் திருப்பினேன்.

நாள் முழுவதும் மனக்கணக்குப் போடுகிறவர் அவர். கண்ணை ஓட்டிய வேகத்தில், "2047" என்றார். சற்று நேரம் அவ்வெண்ணையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீ சொன்னதுதான் சரி, தம்பி. அன்றைக்கு ராத்திரியே எனக்குத் தெரியும்" என்றேன்.

"நம்பர் எனக்கு நினைவில்லை சார், இப்போ எழுதினதும்தான் வருது. எல்லாரும் சிரிச்சது மட்டும் நினைவில இருந்துச்சு" என்றார். குரலில் கோபம் இல்லை. இல்லை என்பதால் எனக்கு ஆறுதலும் இல்லை. அதற்குள் ஒருவர் வந்து அரைக் கிலோ ஆணி கேட்டார். நிறுத்துக் கொடுத்துவிட்டு, எனக்குத் தேநீர் வாங்கி வரப் பையனை அனுப்பினார். தேநீர் குடித்தோம். பேரப்பிள்ளைகளைப் பற்றிப் பேசினோம். புறப்படும்போது பேருந்து நிறுத்தம் வரை உடன் வந்தார்.

அவரிடம் சொல்லிவிட்டேன். ஆனால் வகுப்பில் இருந்த மற்ற நாற்பது பேரிடம் இன்னும் சொல்லவில்லை. அவர்களுள் சிலர் ஊரில் இருக்கிறார்கள், சிலர் எங்கெங்கோ. சிலர் இறைவனடி சேர்ந்திருக்கலாம். ஒவ்வொருவரையும் தேடிச் செல்ல எனக்கு வயதும் வலுவும் போதா. இம்மாத இதழின் இப்பக்கங்களையே பலகையாகக் கொள்கிறேன். 1979-இல் அந்த எட்டாம் வகுப்பில் அமர்ந்திருந்த எவரேனும் இதைப் படிக்க நேர்ந்தால், அன்று நான் சொன்ன விதி தவறு என்று அறிந்துகொள்ளுங்கள். பதினோராம் அடுக்குக்கு அது பொருந்தாது. 23-ஐ 89-ஆல் பெருக்கினால் 2047. எழுந்து நின்று சொன்னவன் சரியாகவே சொன்னான். நாம் சிரித்திருக்கக் கூடாது.